கொழுந்து வந்தால்தான் நாள்

தோட்ட ஆபீசுகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் கணினி சொல்லித்தரப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒற்றை விரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். ஆனால் வேலையாட்கள் கூட்டமாக வந்து நின்று, "இது ஏன் இப்பிடி வந்திருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை எந்தக் கணினி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். அது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன். இடையிடையே பெருமையும் அடித்துக்கொள்வேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக வேலை பார்த்தவள் நான். தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். ஸ்டோரு ஆபீசில் எனக்கு முன்னால் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. முதலில் "அந்தப் புள்ள" என்றார்கள். "கிளாக்கரம்மா" ஆவதற்குப் பல வருடம் பிடித்தது. அது வந்த வேகத்தைவிடப் போகும் வேகம் அதிகம் என்பதை ஒருநாள் பார்த்தேன். அந்த நாளைப் பற்றித்தான் இந்தக் கதை.

அப்போது ஸ்டோருக்குள் யாருக்கு எந்த வேலை என்பதை டீமேக்கர் ஐயா முடிவு செய்வார். தேயிலைத் தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. பிற்பகலில் மலையிலிருந்து கொழுந்து லொறி வந்து நிறுவை முடிந்ததும், கரும்பலகையில் சோக்கால் பெயர் எழுதுவார். கொழுந்தை வாட்டுத் தொட்டியில் பரத்த இவர், அரைக்கும் ரோதைக்கு இவர், விறகு அடுப்புக்கு இவர் என்று. சண்டை எப்போதும் அடுப்பில்தான் வரும். இலையைக் காயவைக்கும் சூடு அதிலிருந்துதான் போக வேண்டும். விடிவதற்கு முன் வந்து மூட்டி, மத்தியானம் வரை விறகு தள்ள வேண்டும். முகம் வெந்து முதுகு குளிரும் வேலை. ஆகவே எல்லோரும் முறைபோட்டுச் செய்வது என்று பேச்சு. ஆனால் அந்த முறை டீமேக்கர் ஐயாவின் ஞாபகத்தில் இருந்தது. ஞாபகமோ அவருடைய மனநிலையைப் பொறுத்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. நாள் முழுக்க இலையை முகர்ந்து களைத்த மனிதருக்கு, முந்தாநாள் அடுப்பில் நின்றது யார் என்பது எப்படி நினைவிருக்கும்? பேசாமல் இருப்பவன் பெயரையே திரும்பத் திரும்ப எழுதுவார். பேசுகிறவன் தப்பித்துக்கொள்வான்.

இந்தச் சண்டை தினமும் ஆபீஸ் யன்னலுக்கு வந்து சேரும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஐயா, இத கம்பியூட்டர்ல போட்டா என்னா?" என்று கேட்டேன்.

"போடும்மா, போடு. எனக்கு ஒரு தலவலி கொறயும்," என்றார் டீமேக்கர் ஐயா. அவருக்குச் சந்தோஷம்தான்.

எனக்குக் கைகொடுத்தவர் கம்பனியின் ஹட்டன் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். என் வேலைக்காலத்தில் நான் குரு என்று மனதுக்குள் வைத்திருப்பது அவரைத்தான். இது அவருக்கே தெரியாது. ஆபீசில் கணக்குப் போடுவதற்கு இருந்த சாதாரண அட்டவணை மென்பொருளிலேயே முறையை எழுதலாம் என்று காட்டினார். ஆட்களின் பெயர், வேலைகளின் வரிசை, ஒவ்வொரு நாளும் ஒரு இடம் நகர வேண்டும் என்ற விதி. அவ்வளவுதான். நிறுவைக் கொட்டகைச் சுவரில் மாட்டிய டிவியில் அன்றைய பெயர்கள் தானாக வரும். எப்படிச் செய்தோம் என்பதை விடுங்கள். உங்களில் யாரும் ஒரு பிற்பகலில் செய்துவிடுவீர்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அக்கா, எங்கயாவது பிழையா வந்துதெண்டா, பெயரைக் கையால மாத்தாதேங்கோ. விதியை மாத்துங்கோ. ஒருக்காப் பெயரில கை வைச்சீங்களெண்டா, பிறகு சரியா வந்தாலும் சனம் நம்பாது."

சரி சரி என்று தலையாட்டினேன். நல்ல வார்த்தை எல்லாவற்றுக்கும் நாம் முதலில் தலையைத்தானே ஆட்டுகிறோம்.

முதல் சில வாரங்கள் ராசாத்தி மாதிரி இருந்தேன். யன்னலுக்கு யாரும் வரவில்லை. டீமேக்கர் ஐயா சோக்குப் பெட்டியைப் பூனைக்குப் பால் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். நடுவில் ஒரே ஒருமுறை ஒரு சின்ன விஷயம் நடந்தது. வாட்டுத் தொட்டிகளைக் கழுவும் வேலை, தொட்டி நிறையக் கொழுந்து கிடந்த ஒரு நாளில் டிவியில் வந்துவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கொழுந்தையும் சேத்துக் கழுவிடலாம், பச்சத் தண்ணியிலயே டீ," என்று ஒருவர் சொல்ல, நானும் சிரித்தேன். டீமேக்கர் ஐயா அந்த வேலையை வேறொரு நாளுக்குத் தள்ளிவிட்டார். அந்தச் சிரிப்பில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஒரு திட்டம் பிசகப்போகிறது என்றால் முதலில் அது கோபமாக வராது, வேடிக்கையாகத்தான் வரும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நீங்கள் மட்டும் சிரிக்காமல் ஒருதடவை பாருங்கள்.

பிறகு ரோதைமுனி பூசை வந்தது. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஸ்டோரில் சுழலும் இயந்திரங்களுக்குக் காவலாக இருக்கும் சாமி ரோதைமுனி. வருடத்தில் ஒருநாள், முந்தின நாள் கொழுந்து அரைபட்டு முடிந்ததும் இயந்திரங்களை நிறுத்திக் கழுவி, மாலை போட்டுப் பொங்கல் வைப்போம். எங்கள் தோட்டத்தில் அன்று மலையிலும் வேலை இல்லை. ஒரு கொழுந்துகூட வராது. பொங்கல், தீபாவளி, பௌர்ணமிப் போயா எல்லாம் அட்டவணையில் லீவு என்று போட்டிருந்தோம். ரோதைமுனி எந்தக் கலண்டரிலும் இல்லாத சாமி. அவரை நாங்கள் மறந்துவிட்டோம்.

பூசைக்கு மறுநாள் பிற்பகல். இரண்டு லொறி கொழுந்து வந்து இறங்கியது. மழைக்குப் பிறகு வந்த நல்ல வெயில், கொழுந்து குவிகிற காலம். நிறுவை முடிந்தது. டிவியில் பெயர்கள் வந்தன. அடுப்புக்கு அந்தோணி என்று வந்தது.

அந்தோணி அண்ணன் ஸ்டோரிலேயே மூத்த ஆள். நெட்டையானவர், குரலும் நெட்டை. டிவியைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

"முந்தாநாளு கொழுந்துக்கு அடுப்பு செல்வம் பாத்தான். அவனுக்கு அடுத்தது முருகேசு. முருகேசுக்கு அடுத்ததுதான் நானு. முருகேசு எப்ப பாத்தான்?"

"நேத்து முருகேசு பேருதான்ணே வந்துச்சு," என்றான் யாரோ ஒருவன்.

"நேத்து ரோதைமுனி பூச. நேத்துக் கொழுந்து ஏது, அதுக்கு அடுப்ப யாரு பாத்தா? சாமியா வந்து வெறகு தள்ளுச்சு?"

எல்லோரும் ஆபீஸ் யன்னல் பக்கம் திரும்பினார்கள். ஏனென்றால் முருகேசு என் கூடப்பிறந்த தம்பி.

கணக்கைப் பாருங்கள். அட்டவணைக்குத் தேதிதான் தெரியும். பூசையன்று தேதி நகர்ந்தது, அதுவும் முறையை ஒரு இடம் நகர்த்திவிட்டது. முருகேசுவின் அடுப்பு முறை, கொழுந்தே வராத நாளில் கழிந்துவிட்டது. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. ஆனால் அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். கம்பியூட்டர் வைத்திருப்பது அக்கா, தப்பித்தது தம்பி. இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

"டீமேக்கர் ஐயா எழுதுனப்ப ஆளப் பாத்து எழுதுனாரு. கிளாக்கரம்மா சொந்தம் பாத்து எழுதுறாங்க. எங்களுக்கு என்னா வித்தியாசம்?" என்றார் அந்தோணி அண்ணன். பிறகு கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். "இதுக்கு ஒரு முடிவு தெரியாம நாங்க கொழுந்தப் பரத்த மாட்டோம்."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். டீமேக்கர் ஐயா எத்தனை தடவை தவறி எழுதியிருப்பார், அப்போதெல்லாம் முணுமுணுத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள்தான் இவர்கள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீட்டுக்கு மட்டும் சொன்னது இல்லை.

சாக்கில் அடைந்து கிடக்கும் கொழுந்து காத்திருக்காது. சூடேறும், சிவக்கும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. டீமேக்கர் ஐயா ஒரு சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"யம்மா, அந்தோணி பேர எடுத்துட்டு உங்க தம்பி பேரப் போட்டுடுங்க. ஒரு தட்டுத் தட்டுனா முடிஞ்சிச்சு. இல்லாட்டி இந்த டிவியே வேணாம், நான் பழயபடி சோக்குல எழுதிர்றேன்."

முதல் யோசனை சுலபமானது. என் விரல்கூட அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டாவது யோசனை எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. அப்போதுதான் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வார்த்தை ஞாபகம் வந்தது. இன்று முருகேசு என்று நான் கையால் போட்டால், நாளைக்கு ஒவ்வொரு பெயரும் நான் போட்டதாகிவிடும். லயத்தில் பிறந்த பெண் ஆபீசில் உட்கார்ந்தால் இப்படித்தான் என்ற பேச்சை, எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வரும் பெண்ணும் சுமக்க வேண்டும்.

இதற்கு நடுவில் எனக்கும் டீமேக்கர் ஐயாவுக்கும் மட்டும் தெரிந்த இன்னொரு விஷயம் இருந்தது. அன்று காலையில்தான் முருகேசுவின் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவன் சாயங்கால பஸ்ஸில் போய், அங்கேயே இருப்பதாகச் சொல்லியிருந்தான். அடுப்பு அவன் பெயருக்கு வந்தால் போக முடியாது. விடிவதற்கு முன் பஸ் கிடையாது. நான் சரியானதைச் செய்தால் தண்டனை என் தம்பிக்கு.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

"அந்தோணி அண்ணே சொன்னது சரிதான். முருகேசு அவன் மொறைக்கு அடுப்பு பாக்கல. இந்த ஷீட்டுக்குத் தேதி தெரியுது, கொழுந்து தெரியல. அதுல உள்ள பிழைய ஒங்க எல்லாரு முன்னாலயும் இங்கயே உக்காந்து திருத்துறேன். நீங்க கொழுந்தப் பரத்துங்க. பரத்தி முடியிறதுக்குள்ள நான் திருத்தலன்னா, அந்த டிவிய நானே கழட்டிடுறேன். ஐயா சோக்கு எடுக்கட்டும்."

அந்தோணி அண்ணன் என்னையும் டிவியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆபீசுக்குள்ள போயி கதவச் சாத்திக்க மாட்டீங்கள்ல?"

"மாட்டேண்ணே. இந்த மேசைய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"அப்ப பரத்துங்கடா," என்றார். சாக்குகள் எழுந்தன.

நிறுவை மேசையில் கணினியை வைத்து ஹட்டனுக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவைத்தேன். நடந்ததை ஒரு மூச்சில் சொல்லி, "அந்த பூச நாளயும் லீவுன்னு போட்டுறவா?" என்று கேட்டேன்.

ஹட்டன்காரர் உடனே, "போடலாம் அக்கா. ஆனா நாளைக்குப் பெரிய மழை வந்து கொழுந்து எடுக்கேல்லையெண்டா? ஒரு செத்தவீடு வந்தா? எத்தினை நாளை எழுதுவீங்கள்?" என்றார். "ஒரு கேள்வி கேக்கிறன். உங்கட ஸ்டோரில நாள் எப்ப துவங்குது? விடியவா, நடுச்சாமத்திலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள், கொழுந்தைத் தூக்கிக்கொண்டு போன இரண்டு மூன்று பேர் ஒன்றாகவே சொன்னார்கள்: "கொழுந்து வந்து நிறுவை போட்டாத்தான் நாளு."

உண்மைதான். எங்களுக்கு எல்லோருக்கும் தெரிந்த உண்மை. திங்கட்கிழமை கொழுந்து செவ்வாய்க்கிழமை அரைபட்டாலும் அது திங்கட்கிழமை வேலைதான். சம்பளத்தையும் ஓய்வையும் அப்படித்தான் பேசுவோம். கணினியின் முன்னால் உட்கார்ந்ததும் எங்கள் நாளை மறந்துவிட்டு, கலண்டர்காரனின் நாளை எழுதிவிட்டோம்.

"அப்ப தேதியை விடுங்கோ அக்கா. நிறுவையைப் பிடிப்பம். நிறை விழுந்தா முறை ஒரு இடம் நகரட்டும். விழாட்டி நிண்ட இடத்திலயே நிக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். மேல்மாடியில் தொட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு தடவை பிழையாக வந்தது. மூன்றாவது தடவை சரியாக நின்றது. சாக்குகள் தீர்ந்து, ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். தோட்டத்து மேனேஜரான எங்கள் தொரையும் எப்போதோ வந்து வாசலில் நின்றிருந்தார். சிங்களவர், அதிகம் பேசமாட்டார். "வெடே ஹரித?" என்று மட்டும் கேட்டார், வேலை சரியா என்று.

"இன்னும் தெரியல சார்," என்றேன். பிறகு கணினியைத் திருப்பி வைத்தேன். "அந்தோணி அண்ணே, இன்னக்கி நிறை என்னான்னு நீங்களே அடிங்க. நான் தொடல."

கொழுந்துக் கறை படிந்த விரலால் அவர் ஒவ்வொரு இலக்கமாக அடித்தார். டிவி ஒருதரம் மினுங்கியது.

அடுப்பு: முருகேசு.

நான் தம்பியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் டிவியைப் பார்த்தான், வெளியே பஸ் ரோட்டைப் பார்த்தான். "சரிக்கா," என்றான். சொல்லிவிட்டு விறகு அடுக்கப் போய்விட்டான். அந்த "சரிக்கா" இப்போதும் என் நெஞ்சுக்குள் இருக்கிறது.

டீமேக்கர் ஐயாவால்தான் பொறுக்க முடியவில்லை. "அவன் பொஞ்சாதி ஆஸ்பத்திரியில இருக்குதப்பா. காலயிலதான் கொண்டுபோனாங்க," என்று சொல்லிவிட்டார்.

அந்தோணி அண்ணன் விறகுப் பக்கம் போய் முருகேசுவின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "ஏன்டா, வாயில என்னா கொழுக்கட்டையா? இத ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்காகத்தான் அக்கா பேர மாத்துனாங்கன்னு சொல்லுவீங்க," என்றான் முருகேசு.

அந்த நெட்டை மனிதர் அவன் கையிலிருந்த விறகை வாங்கிக் கீழே வைத்தார். "நீ பஸ்ஸுக்குப் போடா. இன்னக்கி அடுப்பு நான் பாக்குறேன். நாளக்கி என் பேரு வரும். அத நீ பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா கிளாக்கரம்மா, இத அதுல எழுதுங்க. யாருக்கு யாரு மாத்தாளுன்னு எல்லாருக்கும் தெரியணும். எழுதாம விட்டா நாளக்கி என்னயே ஒருத்தன் கேப்பான்."

அப்படித்தான் அட்டவணையில் மாத்தாள் என்று ஒரு கட்டம் வந்தது. ஹட்டன்காரரும் யோசிக்காத கட்டம், நானும் யோசிக்காத கட்டம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள இடம் விடாத விதி எவ்வளவு நியாயமாக இருந்தாலும் நிலைக்காது என்பதை அன்று கற்றேன். நீங்கள் எதைத் தானாக ஓட வைத்தாலும் அந்த ஒரு கட்டத்தை மறக்காதீர்கள்.

மறுநாள் பிற்பகல் முருகேசு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஸ்டோருக்கு வந்தான். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். கொழுந்தை நிறுவை போட்டார்கள், டிவியில் அந்தோணி பெயர் வந்தது, பக்கத்துக் கட்டத்தில் மாத்தாள் முருகேசு. கொண்டுவந்த இனிப்பை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் அடுப்பு முன்னால் நின்றான். "அப்பன் ஆனவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம்," என்று கேலி செய்தார்கள். அன்றைய தேயிலை நல்ல நிறமாக வந்தது என்று டீமேக்கர் ஐயா கோப்பையை எனக்கும் நீட்டினார். அதுவரை அவர் சுவை பார்க்கும் மேசைக்கு என்னைக் கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு முறை சம்பந்தமாக யன்னலுக்கு ஒருவர்கூட வந்ததில்லை. லிந்துலைப் பக்கத்து ஸ்டோரு ஒன்றிலிருந்து கேட்டனுப்ப, பஸ் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு திம்புள்ளவில் இரண்டு இடத்துக்குப் போனேன். போன இடமெல்லாம் கணினியைத் திறப்பதற்கு முன், அங்கே வேலை செய்கிற ஆட்களிடம் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "உங்க நாளு எப்பங்க ஆரம்பிக்குது?" ஒரு இடத்தில் தண்ணீர் வரும் நேரம் என்றார்கள். இன்னொரு இடத்தில் லொறி திரும்பும் நேரம் என்றார்கள். எந்த இடத்திலும் நடுச்சாமம் என்று சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் அதே நிறுவைக் கொட்டகையில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். காலைத் தேநீர் நேரம். மாலை போட்டார்கள், தொரை இரண்டு வார்த்தை தமிழில் பேசினார். முருகேசுவின் மகள் பள்ளிக்கூட உடுப்போடு வந்து பூச்செண்டு கொடுத்தாள். யாராவது பேசுங்கள் என்றபோது, பின்னாலிருந்து முருகேசு முன்னே வந்தான். கையெல்லாம் சாம்பல், முகமெல்லாம் வியர்வை.

"எனக்கு ஒரு மனக்குறை இருக்கு, அத இன்னக்கி சொல்லிடுறேன்," என்றான். "கூடப் பொறந்த அக்கா இத்தன வருஷமா ஆபீசுல இருந்தாங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அடுப்புல இருந்து தப்ப முடிஞ்சிச்சா? ரோதைமுனியே தப்பவச்சாரு. அப்பவும் என்னய பிடிச்சு இழுத்துட்டு வந்து உட்டாங்க. இன்னக்கி அடுப்புக்கும் எம் பேருதான் வந்திருக்கு. வெறகு போட்டுட்டு ஓடியாந்தேன், நான் போறேன்."

முதலில் கை தட்டியது அந்தோணி அண்ணன். பிறகு கொட்டகை முழுவதும் தட்டியது. முருகேசு சாம்பல் கையால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடினான். மாலையைக் கழற்றி நிறுவை மேசையில் வைத்துவிட்டு, நானும் சேர்ந்து கை தட்டினேன்.